கையில் கட்டிய வாத்தியார்

ராத்திரி பத்தரை மணி. ஊர் அடங்கிவிட்டது. ஒரு வீட்டு மொட்டை மாடியில் மட்டும் ஒருவர் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருக்கிறார். மணிக்கட்டில் பச்சை வெளிச்சம் மினுக் மினுக்கென்று தெரிகிறது. "என்ன சார், இன்னும் தூங்கலையா?" என்று பக்கத்து மாடியிலிருந்து கேட்டால், "எண்ணூறு ஸ்டெப்ஸ் பாக்கி இருக்கு. பன்னெண்டு மணிக்குள்ள முடிக்கணும்" என்கிறார்.

உங்கள் தெருவிலும் இப்படி ஒருவர் இருப்பார். அந்த ஒருவர் நீங்களாகவே இருந்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

சென்ற ஐப்பசியில் என் வைத்தியசாலைக்கு ஒரு தம்பதி வந்தார்கள். கணவருக்கு வயது 61. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பல வருஷப் பழக்கம் என்பதால் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். குதிகால் வலி என்று வந்திருந்தார். காலையில் எழுந்து முதல் அடி வைத்தால் ஆணி குத்துகிற மாதிரி வலி. நாலு நடை நடந்த பிறகு கொஞ்சம் தேவலை. எல்லா வைத்தியர்களும் கேட்டுப் பழகிய கதைதான்.

"தினம் எவ்வளவு நடக்கிறீங்க?" என்று கேட்டேன். அவர் வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மா முந்திக்கொண்டார்கள்.

"அதைக் கேளுங்க டாக்டர். பெங்களூர்ல இருக்கிற மகன் இவுக பிறந்த நாளைக்கு ஒரு வாட்ச் வாங்கிக் குடுத்தான். அன்னையிலேருந்து வீட்டுக்கு இன்னொரு மாமியார் வந்த மாதிரி இருக்கு. உட்கார்ந்தா எந்திரிங்குது. எந்திரிச்சா நடங்குது. நடந்தா பத்தலைங்குது. ராத்திரி தூங்கினதுக்கும் காலையில மார்க் போடுது. மார்க் குறைஞ்சா அன்னைக்குப் பூரா இவுக முகமே சரியில்லை. ஞாயித்துக்கிழமை கூந்தங்குளம் போறதைக்கூட விட்டுட்டாக."

கடைசியில் சொன்னது எனக்குப் புதிய சேதி. நாங்குநேரிப் பக்கம் இருக்கிற கூந்தங்குளம் பறவைகள் சரணாலயத்தைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஊருக்குள் இருக்கும் மரங்களிலேயே மஞ்சள் மூக்கு நாரைகள் கூடு கட்டும். ஊர்க்காரர்கள் அவற்றை விரட்டுவதில்லை. குளிர்காலத்தில் இமயமலையைத் தாண்டிப் பட்டைத்தலை வாத்துகள் வரும். அண்ணாச்சி முப்பது வருஷமாக பைனாகுலரும் ஒரு நோட்டுமாக அங்கே போகிறவர். வங்கியில் மாதக் கணக்கு முடிக்கிற நாட்களில்கூட விட்டதில்லை.

"ஏன் அண்ணாச்சி?"

"என்ன டாக்டர் செய்ய? பறவை பார்க்கணும்னா அசையாம நிக்கணும். ரெண்டு மணி நேரம் கரையில நின்னா இருநூறு ஸ்டெப்ஸ் தேறாது. மணிக்கொரு தரம் கை அதிரும், நகருங்கன்னு. ஞாயித்துக்கிழமை விழுந்துட்டா வாரக் கணக்கே விழுந்துடும். அதான் வ.உ.சி. மைதானத்துல ரவுண்டு அடிச்சிடறேன்."

வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடு சிரிப்பாக, "ரெண்டு தரம் இதயத் துடிப்பு ஒழுங்கா இல்லைன்னும் காட்டுச்சு டாக்டர்" என்றார். உடனே கையைப் பிடித்து நாடி பார்த்தேன். ஒழுங்காக நடந்தது. "அதுக்கு என்ன தெரியும்? கழற்றி அலமாரியில வைங்க" என்று சொல்லி, காலுக்கு மருந்து கொடுத்து அனுப்பினேன்.

இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதற்குத் திரும்பி வர வேண்டியிருக்கிறது.

பச்சை வெளிச்சம் என்ன பார்க்கிறது?

ஒரு கருவியைக் கையில் கட்டிக்கொண்டு இரவும் பகலும் அதன் பேச்சைக் கேட்பது என்று ஆகிவிட்ட பிறகு, அது எப்படிக் கணக்குப் போடுகிறது என்பதையாவது தெரிந்துகொள்ள வேண்டாமா? வாட்சை வாங்கிய பலர் அதன் பெட்டிக்குள் இருக்கும் தாளைப் படிப்பதே இல்லை.

வாட்சின் அடிப்பக்கத்தில் இருக்கும் பச்சை விளக்கு தோலுக்குள் வெளிச்சத்தை அனுப்புகிறது. ரத்தம் சிவப்பு, பச்சை வெளிச்சத்தை நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். ஒவ்வொரு துடிப்பிலும் தோலடி ரத்தம் கூடும்போது திரும்பி வரும் வெளிச்சம் குறைகிறது. அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணித்தான் துடிப்பைச் சொல்கிறது. பட்டை தொளதொளவென்று இருந்தால், கை வேகமாக ஆடினால், அந்த இடத்தில் பச்சை குத்தியிருந்தால் கணக்கு தப்பும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

அடிகளை எண்ணுவது வேறு விதம். கை ஆடுவதை உணரும் சிறு பொறி ஒன்று உள்ளே இருக்கிறது. காலை அது பார்ப்பதே இல்லை. கையைப் பார்த்துக் காலை ஊகிக்கிறது. ஆகவே இடுப்பில் குடத்தை வைத்து அதே கையால் அணைத்துக்கொண்டு நடந்தால் கணக்கு குறையும். தொட்டில் கயிற்றைப் பிடித்து ஆட்டினால் உட்கார்ந்த இடத்திலேயே ஏறும். பேத்தியைத் தூங்க வைத்தே முந்நூறு அடி நடந்துவிட்டதாக ஒரு பாட்டி என்னிடம் பெருமைப்பட்டுக்கொண்டார்கள்.

எத்தனை கலோரி செலவானது என்று காட்டுவதை நம்பி ஒரு தோசை அதிகம் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 7 விதமான கைக்கருவிகளை 60 பேரிடம் சோதித்து 2017-ல் முடிவை வெளியிட்டார்கள். 7-ல் 6 கருவிகள் இதயத் துடிப்பை 5 சதவீதத்துக்குள்ளான பிழையோடு சொல்லிவிட்டன. கலோரி விஷயத்தில் ஒன்றுகூடத் தேறவில்லை. இருப்பதில் நல்லதே சராசரியாக 27 சதவீதம் தவறு. மோசமானது 93 சதவீதம். மளிகைக் கடையில் தராசு இப்படி இருந்தால் சும்மா விடுவோமா?

எடை குறைய வேண்டும் என்று கட்டுகிறவர்களுக்கும் இதே கதைதான். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் 471 இளம் வயதினரை இரண்டு வருஷம் தொடர்ந்து கவனித்தார்கள். எல்லோருக்கும் சாப்பாடு, உடற்பயிற்சி பற்றிய ஆலோசனை உண்டு. ஒரு பகுதியினருக்கு உடலில் கட்டிக்கொள்ளும் கருவியும் கொடுத்தார்கள். கருவி இல்லாதவர்கள் சராசரியாக 5.9 கிலோ குறைந்தார்கள். கருவி கட்டியவர்கள் 3.5 கிலோதான். இது 2016-ல் வெளியானது. 'நிறைய நடந்தாச்சு, இனி கொஞ்சம் சாப்பிடலாம்' என்ற நினைப்புதான் காரணமாக இருக்கும் என்பது என் சந்தேகம்.

பத்தாயிரம் எங்கிருந்து வந்தது?

சரி, எல்லாரும் பிடித்துக்கொண்டு தொங்கும் அந்த 10,000 அடி? ஏதோ பெரிய மருத்துவர் சபை கூடி வகுத்த அளவு என்றுதானே நினைக்கிறீர்கள்? நானும் வெகு நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

1964-ல் டோக்கியோவில் ஒலிம்பிக் போட்டி நடந்தது. அந்த உற்சாகத்தில் ஜப்பானியருக்கு நடையில் ஆர்வம் பிறந்தது. 1965-ல் அங்கே ஒரு கம்பெனி, இடுப்பில் மாட்டிக்கொள்ளும் அடி எண்ணும் கருவியை விற்பனைக்கு விட்டது. அதற்கு வைத்த பெயர் 'மான்போ-கே'. ஜப்பானிய மொழியில் 'பத்தாயிரம் அடி அளவி' என்று அர்த்தம். வாயில் நன்றாக நுழைகிற பெயர், எண்ணும் உருண்டையான எண். அந்த விற்பனைப் பெயர்தான் அறுபது வருஷம் கழித்து நம் வீட்டு மொட்டை மாடியில் ராத்திரி நடக்க வைக்கிறது.

பிறகு ஆராய்ந்து பார்த்தவர்கள் என்ன சொல்கிறார்கள்? அமெரிக்காவில் சராசரி வயது 72 உள்ள சுமார் 16,700 பெண்களைக் கவனித்த ஆய்வு 2019-ல் வந்தது. நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களை விட 4,400 அடி நடந்தவர்களிடம் மரண விகிதம் 41 சதவீதம் குறைவாக இருந்தது. 7,500 அடி வரை பலன் ஏறிக்கொண்டே போகிறது. அதற்கு மேல் நடந்தாலும் பெரிதாக ஏறவில்லை. இது வயதான பெண்களின் கணக்கு. இளைஞர்கள் தாராளமாக அதிகம் நடக்கலாம். ஆனால் சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்து, கடைத்தெருவுக்கும் ஒரு தடவை போய் வருகிற அம்மாக்கள் 'எனக்கு ஐயாயிரம்கூட வரலையே' என்று கண் கலங்க வேண்டியதில்லை.

அண்ணாச்சி என்ன செய்தார் தெரியுமா? நாளுக்கு நாலாயிரம் அடி பழகிய காலை, இரண்டே வாரத்தில் பன்னிரண்டாயிரத்துக்கு ஏற்றினார். அதுவும் சிமெண்டுத் தரையில், வெறுங்காலில். பாதத்தின் அடியில் குதிகாலிலிருந்து விரல் வரை ஓடும் கெட்டியான சவ்வு இருக்கிறது. அது புண்படாமல் என்ன செய்யும்? நடையைக் கூட்டுவதாக இருந்தால் வாரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். குதி மெத்தென்று இருக்கும் செருப்பு போட்டுக்கொள்ளுங்கள்.

குதிகாலுக்கு நம் பாட்டிமார் கைமருந்து ஒன்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். செங்கல்லைச் சூடாக்கி, அதன் மேல் பழுத்த எருக்கிலையை வைத்து, பொறுக்கிற சூட்டில் குதிகாலை வைத்து வைத்து எடுப்பது. நல்ல ஒத்தடம்தான். இரண்டு எச்சரிக்கை: எருக்கம்பால் கண்ணில் படக்கூடாது. சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி மழுங்கியவர்கள் இதைச் செய்யவே கூடாது. வெந்து கொப்புளித்த பிறகுதான் சூடே தெரியும். இரவில் உளுந்துத் தைலம் தடவி, மறுநாள் படுக்கையிலேயே பாதத்தை முன்னும் பின்னும் இருபது தடவை மடக்கி நீட்டிவிட்டு அப்புறம் தரையில் கால் வையுங்கள்.

தூக்கத்துக்கு மார்க் போடலாமா?

குதிகாலை விட அண்ணாச்சியின் தூக்கம்தான் எனக்குக் கவலையாக இருந்தது. காலையில் எழுந்ததும் 'ஆழ்ந்த தூக்கம் 38 நிமிஷம்' என்று வாட்ச் காட்டும். ஐயோ, முப்பத்தெட்டுதானா என்று அன்று முழுக்க அசதி. மறுநாள் சீக்கிரம் படுத்துப் புரண்டுகொண்டே கிடப்பார். மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் மணி பார்க்கிற சாக்கில் மார்க்கையும் பார்த்துவிடுவார். அப்புறம் எங்கே தூக்கம்?

தூக்கத்தின் படிகளைச் சரியாகச் சொல்ல வேண்டுமானால் மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்ய வேண்டும். தலையில் ஒயர்களை ஒட்டி ஆஸ்பத்திரியில் செய்கிற பரிசோதனை அது. கையில் கட்டிய வாட்ச் மூளையைப் பார்க்கவில்லை. கை அசைகிறதா, துடிப்பு இறங்குகிறதா என்று பார்த்து ஊகம் செய்கிறது. மொத்தம் எத்தனை மணி நேரம் படுத்துக் கிடந்தீர்கள் என்பது ஓரளவு சரியாக இருக்கும். ஆழ்ந்த தூக்கம், கனவுத் தூக்கம் என்ற பிரிவினை அவ்வளவு உறுதியல்ல. நல்ல மார்க் வாங்க வேண்டும் என்ற தவிப்பாலேயே தூக்கம் கெடுவதற்கு 2017-ல் அமெரிக்க டாக்டர்கள் 'ஆர்த்தோசோம்னியா' என்று தனியாகப் பெயரே வைத்துவிட்டார்கள்.

பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் நான் படித்த காலத்தில் பதினான்கு வேகங்களை மனப்பாடமாகச் சொல்லச் சொல்வார்கள். உடம்பு தானாக உந்தித் தள்ளுகிற இயல்புகள் பதினான்கு. அபானவாயு, தும்மல், சிறுநீர், மலம், கொட்டாவி, பசி, தாகம் என்று போகும் அந்த வரிசை. அடக்கினால் இன்ன நோய் வரும் என்று ஒவ்வொன்றுக்கும் சொல்லியிருக்கிறது. அதில் 'இளைப்பு' ஒன்று, 'நித்திரை' ஒன்று. இளைப்பு என்றால் உழைத்துக் களைத்த உடம்பு உட்காரச் சொல்வது. பரீட்சைக்காக உருப்போட்டபோது, களைப்பையும் தூக்கத்தையும் யாராவது வேண்டுமென்றே அடக்குவார்களா என்று தோன்றும். இப்போது ராத்திரி பத்தரைக்கு கால் வலிக்க வலிக்க எண்ணூறு அடியை முடிக்கிறவர்களைப் பார்க்கும்போது, எழுதி வைத்தவர்கள் ஆளைத் தெரிந்துதான் எழுதியிருக்கிறார்கள் என்று புரிகிறது.

நான் தவறிய இடம்

இனி, ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன்.

அண்ணாச்சி சொன்ன பேச்சைக் கேட்கிறவர். வாட்சைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டார். பத்து நாள் அது அங்கேயே கிடந்தது. பதினோராம் நாள் ராத்திரி, தூக்கம் எப்படி இருக்கிறது பார்ப்போமே என்ற சபலத்தில் எடுத்துக் கட்டிக்கொண்டு படுத்திருக்கிறார். விடிந்ததும் போனைப் பார்த்தால், துடிப்பு ஒழுங்கில்லாமல் இருந்தது என்று மறுபடி அதே அறிவிப்பு. அவர் பேசாமல்தான் இருந்திருப்பார். அந்த அம்மாதான் விடவில்லை. காபிகூடக் குடிக்காமல் அவரைக் கூட்டிக்கொண்டு என் வாசலில் வந்து நின்றார்கள். "மாமியார் பொல்லாதவதான். ஆனா ஒரே பேச்சை மூணு தரம் சொல்லுதாளே டாக்டர்" என்றார்கள்.

கையைப் பிடித்தேன். வாத நாடி அன்னம் போலவும் மயில் போலவும் நடக்கும், பித்தம் ஆமை போல, ஐயம் தவளை போல என்றெல்லாம் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அன்று என் விரலுக்குக் கீழே எந்த நடையும் இல்லை. இரண்டு துடிப்பு நெருங்கி வரும், ஒன்று தங்கும், மூன்று ஓடும், ஒன்று காணாமலே போகும். அரை நிமிஷத்தில் எனக்கு விளங்கிவிட்டது. அவரை அப்படியே இதய டாக்டரிடம் அனுப்பினேன். இ.சி.ஜி. எடுத்தார்கள். எக்கோ பார்த்தார்கள். தைராய்டுக்கும் ரத்தப் பரிசோதனை செய்தார்கள். 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' என்றார்கள்.

அப்படியென்றால், இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கிக்கொண்டிருக்கும். அங்கே ரத்தம் தேங்கிக் கட்டியாக உறையலாம். அந்தக் கட்டி மூளைக்குப் போய் அடைத்தால் பக்கவாதம். இந்தக் கோளாறு உள்ளவர்களுக்குப் பக்கவாத அபாயம் மற்றவர்களைப் போல் சுமார் ஐந்து மடங்கு. பலருக்கு நெஞ்சு படபடப்புகூடத் தெரியாது. அண்ணாச்சிக்கும் தெரியவில்லை. அவருக்கு இருந்தது வந்து வந்து போகிற ரகம். முதல் தடவை நான் நாடி பார்த்த ஒரு நிமிஷத்தில் இதயம் ஒழுங்காக இருந்திருக்கிறது. அந்த ஒரு நிமிஷத்தை வைத்துக்கொண்டு, ராத்திரி முழுக்கப் பார்த்த கருவியை நான் கேலி செய்தேன்.

முப்பது வருஷமாக நாடி பார்க்கிறேன். அந்தக் கர்வம் எனக்கு இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். வாட்ச் அலமாரியில் கிடந்த அந்தப் பத்து நாளில் ஏதாவது ஆகியிருந்தால் என்று இப்போதும் சில ராத்திரிகளில் நினைப்பு வரும்.

இப்போது அவர் ரத்தம் உறையாமல் இருப்பதற்கான மாத்திரை சாப்பிடுகிறார். நான் கொடுத்த உள்மருந்துகளை, இதய டாக்டரிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டு, நிறுத்திவிட்டேன். மேற்பூச்சு தைலம் மட்டும் தொடர்கிறது. இந்த வகை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதை நன்றாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். சமையலில் சேர்க்கிற பூண்டு, இஞ்சி பற்றிப் பயப்பட வேண்டாம். ஆனால் பூண்டு லேகியம், கேப்ஸ்யூல், 'ரத்தம் சுத்தமாகும்' என்று யாராவது தருகிற சூரணம், கஷாயம் எதையும் உங்கள் டாக்டருக்குத் தெரியாமல் சேர்க்காதீர்கள். எங்கள் மருந்து என்பதற்காக நான் சலுகை காட்ட மாட்டேன். அதேபோல், நன்றாகத்தானே இருக்கிறேன் என்று அந்த மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் கூடாது.

எதைக் கேட்பது, எதை விடுவது?

வாட்ச் சொல்கிறது என்பதற்காக எல்லாரும் இதய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டுமா? வேண்டாம். அமெரிக்காவில் 4,19,297 பேர் கலந்துகொண்ட பெரிய ஆய்வின் முடிவு 2019-ல் வந்தது. அதில் துடிப்பு ஒழுங்கில்லை என்ற அறிவிப்பு வந்தது 0.52 சதவீதம் பேருக்குத்தான். அவர்களில் பிறகு நெஞ்சில் இ.சி.ஜி. பட்டை ஒட்டிக்கொண்டு சோதனை செய்து முடித்தவர்களில் 34 சதவீதம் பேரிடம் அந்தக் கோளாறு இருந்தது. ஒட்டிய நாட்களில் வராமல் ஒளிந்திருக்கவும் கூடும். ஆகவே அறிவிப்பு என்பது தீர்ப்பு அல்ல, 'ஒரு இ.சி.ஜி. எடுத்துப் பார்' என்ற சீட்டு. முக்கியமாக 60 வயதைத் தாண்டியவர்களும், ரத்தக் கொதிப்பு, சர்க்கரை உள்ளவர்களும் அந்தச் சீட்டைத் தூர எறியக்கூடாது. நான் எறிந்ததைப் போல.

வாட்ச் இல்லாதவர்கள் வீட்டிலேயே பார்க்கலாம். உட்கார்ந்து ஐந்து நிமிஷம் ஓய்வெடுங்கள். கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் மறுகையின் இரண்டு விரல்களை வையுங்கள். ஒரு நிமிஷம் எண்ணுங்கள். பெரியவர்களுக்கு 60 முதல் 100 வரை இருக்கலாம். எண்ணிக்கையோடு ஒழுங்கையும் கவனியுங்கள். நன்றாக ஓடுகிற சுவர்க்கடிகாரம் போலச் சீராக வருகிறதா, தாறுமாறாக வருகிறதா? தாறுமாறாக இருந்தால் டாக்டரிடம் போங்கள்.

இதற்கு நேர் எதிரான ஆபத்தும் உண்டு. நெஞ்சில் பாரம், இடது கையில் வலி, குப்பென்று வியர்வை என்று வந்தவர் ஒருவர், 'வாட்ச்ல எல்லாம் நார்மல்னு இருக்கே' என்று வீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். மாரடைப்பைக் கண்டுபிடிக்கிற வேலை அந்த வாட்சுக்கு இல்லை. வாய் கோணினாலும், ஒரு பக்கக் கை தளர்ந்தாலும், பேச்சு குழறினாலும் வாட்சைப் பார்க்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

இன்னொன்று. தோலில் குத்தாமலேயே சர்க்கரை அளவைச் சொல்லும் என்று விளம்பரம் செய்து மலிவாகச் சில வாட்சுகள் விற்கிறார்கள். அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024 பிப்ரவரியில், அப்படிப்பட்ட வாட்சையோ மோதிரத்தையோ நம்பாதீர்கள், எதற்கும் தாங்கள் அனுமதி கொடுக்கவில்லை என்று எச்சரித்தது. அந்த எண்ணைப் பார்த்து இன்சுலின் போட்டுக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. ரத்தக் கொதிப்பையும் புஜத்தில் பட்டை கட்டிப் பார்ப்பதே நல்லது.

மற்றபடி, 'உட்கார்ந்தே இருக்கிறாய், எழுந்திரு' என்ற அதட்டல் கெட்டதல்ல. ஆபீசில் நாற்காலியோடு ஒட்டிக்கொண்டவர்களுக்கு அது தேவைதான். ஆனால் அந்த அதட்டலை எப்போது நிறுத்தி வைப்பது என்பது உங்கள் கையில் இருக்கிறது. அறிவிப்புகளை ஒவ்வொன்றாக அணைத்துவைக்கப் பெரும்பாலான வாட்சுகளில் வழி உண்டு. வீட்டில் இருக்கும் பத்தாம் வகுப்புப் பிள்ளையிடம் கேட்டால் இரண்டு நிமிஷத்தில் செய்து கொடுக்கும்.

வீணைக்கு ஸ்டெப்ஸ் கிடையாது

என்னிடம் வருகிற இன்னொரு அம்மா, ஓய்வு பெற்ற டீச்சர், வீணை வாசிப்பார்கள். இடது கை மெட்டுகளின் மேல் ஓடும்போது வாட்ச் பட்டை தண்டியில் உரசுகிறதாம். ஆலாபனை நடுவில் கை அதிர்கிறதாம். ஆகவே கழற்றி வைத்தார்கள். கழற்றினால் அந்த ஒரு மணி நேரக் கணக்கு காலியாக நிற்கிறது. அந்த வெற்றிடத்தைப் பார்க்கப் பொறுக்காமல் வீணையை உறைக்குள் போட்டுவிட்டார்கள். மூன்று மாதம் கழித்து விரல் மூட்டுகள் காலையில் பிடித்துக்கொள்கின்றன என்று என்னிடம் வந்தார்கள். வீணையை விட்டதால்தான் அது வந்தது என்று நான் சொல்லவில்லை. மூட்டு வாதத்துக்கான ரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னேன், அதில் ஒன்றுமில்லை. கூடவே வீணையை எடுக்கவும் சொன்னேன். பத்து விரலுக்கும் மனசுக்கும் சேர்ந்து வேலை கொடுக்கிற காரியம் அது.

பொழுதுபோக்கு என்று நாம் லேசாகச் சொல்லிவிடுகிறோம். 16 நாடுகளில் 65 வயதுக்கு மேற்பட்ட சுமார் 93,000 பேரின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்த ஆய்வு 2023-ல் வெளிவந்தது. ஏதாவது ஒரு பொழுதுபோக்கு உள்ளவர்களிடம் மனச்சோர்வு குறைவாகவும் சந்தோஷம் அதிகமாகவும் இருந்தன. மனசு தெளிவாக இருக்கிறவர்கள்தான் பொழுதுபோக்கில் இறங்குகிறார்களோ என்று நீங்கள் கேட்கலாம். அதுவும் கொஞ்சம் இருக்கலாம். என் அனுபவத்தில், புள்ளிக் கோலம் நோட்டு வைத்திருக்கிற அம்மாக்களுக்கும், மாடியில் மல்லிகை வளர்க்கிறவர்களுக்கும் ஒரு நோய் வந்தால், அதையே நினைத்துக்கொண்டு உட்கார நேரம் இருப்பதில்லை. செடிக்குத் தண்ணீர் விட எழுந்துவிடுகிறார்கள்.

கோலம் போடுகிற அம்மாவைக் கவனித்திருக்கிறீர்களா? குனிந்து, குந்தி, பக்கவாட்டில் நகர்ந்து, எழுந்து, மறுபடி குந்தி... இடுப்பு, தொடை, கண், விரல் எல்லாம் சேர்ந்து அரை மணி நேரம் வேலை செய்யும். வாட்ச் அதற்கு நாற்பது அடி எழுதும்.

அண்ணாச்சியும் நானும் ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம். இதய டாக்டரும் சம்மதித்தார். ராத்திரி வாட்ச் கையில் இருக்கும். துடிப்பு பற்றிய அறிவிப்பு மட்டும் வரும். தூக்க மார்க் கண்ணில் படாதபடி மகன் போன் வழியாகச் சொல்லிக் கொடுத்து அணைத்துவிட்டான். காலையில் குளித்த பிறகு பட்டையையும் மணிக்கட்டையும் துடைத்து ஈரம் போன பின்தான் கட்டிக்கொள்ள வேண்டும்; ஈரப் பட்டைக்கு அடியில் படர்தாமரை வந்த கைகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன். நடை நாளுக்கு ஆறாயிரம் போதும், செருப்போடு, இருட்டுவதற்குள். ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும் வாட்சுக்கு லீவு.

தை மாதம் மூன்றாவது ஞாயிறு கூந்தங்குளம் போய்விட்டு நேராக என் வீட்டுக்கு வந்தார். பேண்ட் முழங்கால் வரை சேறு. நோட்டைப் பிரித்து, பட்டைத்தலை வாத்துகளை எண்ணி எழுதியிருந்ததைக் காட்டினார். இரண்டு தடவை எண்ணினாராம். இரண்டு தடவையும் வேறு வேறு எண் வந்ததாம். குதிகால் வலி முக்கால்வாசி போய்விட்டது. மாத்திரையை ஒரு வேளையும் விடவில்லை என்று பெட்டியை எடுத்துக் காட்டினார்.

அந்த அம்மாவுக்கு இப்போது வேறு குறை. ஞாயிற்றுக்கிழமை காலை நாலு மணிக்கே எழுந்து பிளாஸ்கில் காபி போட்டுக் கொடுக்க வேண்டியிருக்கிறதாம். அதற்கு என்னிடம் மருந்து இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.